கோச் என்று அவளைத்தான் கூப்பிட்டார்கள்

பாரிஸின் லா சப்பலில் எங்கள் ஆட்களின் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலத்தில், அவற்றுள் ஒன்றில் நான் நின்றேன். அரிசியும் மிளகாய்த்தூளும் முன்பக்கம், சேலைகள் பின்பக்கம், நடுவில் நான். அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் ஆசிரியையாகவும் வலைப்பந்தாட்டப் பயிற்றுநராகவும் இருந்தேன். என் அணி தோற்றது அபூர்வம். மைதானத்தின் ஓரத்தில் நான் எழுந்து நின்றால் எதிரணிப் பிள்ளைகள்கூட என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பாரிஸுக்கு வந்தபிறகு இதையெல்லாம் யாரிடம் சொல்வது? வெங்காயம் கேட்டு வருகிறவர்களிடமா?

சொல்லாமலே எல்லாம் தெரிந்த ஒருத்தி ஒருநாள் கடைக்குள் வந்தாள்.

எங்கள் கல்லூரிக்குச் சற்றுத் தூரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய இன்னொரு மகளிர் கல்லூரி இருந்தது. அதன் வலைப்பந்து அணிக்கு அவள் பயிற்றுநர். என் வயதுதான். ஆண்டுதோறும் எங்களிடம் தோற்றுப்போகிற அணி அது. தோற்ற பிறகு அவள் மர நிழலில் உட்கார்ந்து தன் பிள்ளைகளுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். தோற்றுவிட்டுச் சிரிக்கிற பயிற்றுநரை எனக்கு அப்போதே பிடிக்காது.

"அட, நீர் இஞ்சையோ நிக்கிறீர்!" என்று கூவிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். தலைமயிரைத் தோளுக்கு மேலே வெட்டியிருந்தாள். "எப்ப வந்தனீர்? அவர் எப்பிடி? மகள் வளந்திருப்பாவே?"

நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கணவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார், மகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறாள், நான் இந்தக் கடையில். அவள் பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் தமையன் வீட்டில் இருப்பதாகவும், ஞாயிறுகளில் தமிழ்ப் பூசைக்குப் போகிற இடத்தில் ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரியைச் சந்தித்ததாகவும், அவர் தன்னை ஒரு கொலேஜில் சேர்த்துவிட்டதாகவும் சொன்னாள்.

"கொலேஜிலையோ?" என்றேன். எனக்குத் திக்கென்றது.

"அங்கை மத்தியானச் சாப்பாட்டு நேரம் பிள்ளையளைப் பாக்கிற வேலையப்பா. சண்டை பிடிக்காமல், தட்டை எறியாமல் பாக்கவேணும். அவ்வளவுதான்."

இங்கே கொலேஜ் என்றால் பத்துப் பன்னிரண்டு வயதில் போகிற பள்ளிக்கூடம். அது எனக்குத் தெரியும். சாப்பாட்டறைக் காவல் என்றதும் மனம் அடங்கியது. அவளுக்குப் பச்சைமிளகாய் அள்ளும்போது ஒரு கை கூடுதலாகவே போட்டேன்.

அடுத்த முறை வந்தபோது அவள் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

அந்தக் கொலேஜின் விளையாட்டு ஆசிரியருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. புதன்கிழமை பின்னேரங்களில் இங்கே வகுப்புகள் இல்லை. அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் விளையாடுவார்கள். பெண் பிள்ளைகளின் கூடைப்பந்து அணியைப் பார்க்க ஆளில்லை. ஊரில் பயிற்றுநராக இருந்தவள் என்று கன்னியாஸ்திரி சொல்லியிருக்கிறார். உடனே அவளைப் போட்டுவிட்டார்கள்.

"உமக்கு பாஸ்கற்போல் தெரியுமே?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்! படிக்கிறன்," என்றாள். "நெற்போலிலை பந்தைப் பிடிச்சால் நிக்கவேணும். இஞ்சை பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவேணும். முதல் நாள் நான் நில் நில் எண்டு கத்த, பிள்ளையள் எல்லாம் என்னைப் பாத்துச் சிரிச்சுதுகள்."

அதைச் சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பந்தைப் பிடித்தவள் ஓரடிகூட நகரக்கூடாது என்பதைப் பிள்ளைகளின் கால்களுக்குள் ஏற்றுவதற்கு என் இளமையையே செலவழித்தவள் நான். அந்த விசயத்தில் அவளுடைய பிள்ளைகள் எப்போதும் கவனக்குறைவு. நடுவர் விசில் ஊதிக்கொண்டே இருப்பார். அப்போது அவளுடைய அணியின் குறையாக இருந்தது, இங்கே ஆட்டத்தின் விதியாக இருந்தது. இது எனக்கு நியாயமாகவே படவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "அவள் ஒரு மாசம் தாங்கமாட்டாள். பிரெஞ்சும் தெரியாது, விளையாட்டும் தெரியாது."

அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "நீரும் கேட்டுப் பாரும், வேறை எங்கையும் எடுப்பினம்," என்றார்.

"எனக்கு ஆர் கன்னியாஸ்திரி இருக்கினம் கேக்கிறதுக்கு?"

அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் சொன்னது உண்மையும்கூட. அவளுக்கு ஒரு தேவாலயம் இருந்தது. அதன் வாசலில் நாலு வெள்ளைக்காரர்கள் அவளுடன் நின்று பேசினார்கள். பேசப் பேச அவளுக்கு மொழி வந்தது. எங்களுக்கு வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் ஒரு பிள்ளையார் படம் இருந்தது. அங்கே வந்தவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள்.

அவள் ஒரு மாதம் அல்ல, அந்த வருடம் முழுவதும் தாங்கினாள். முழங்கால் சுகமாகி வந்த ஆசிரியர் ஆண் பிள்ளைகளை மட்டும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாராம். அதே உடற்பயிற்சிக் கூடத்தில் வட்டாரக் கழகம் ஒன்றும் பெண்களுக்குப் பயிற்சி நடத்தியது. அதன் தலைவர், வெள்ளை மீசை வைத்த ஒரு கிழவர், அவளைக் கழகத்துக்கும் கேட்டார். பயிற்றுநர் சான்றிதழுக்கான வகுப்புக்கும் கழகமே அனுப்பியது. இதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் வழியாக எனக்கு வந்து சேர்ந்தது.

"அக்கா, எங்கடை ஆள் ஒருத்தி வெள்ளைக்காரப் பிள்ளையளுக்குக் கோச்சாம், தெரியுமோ?"

"ஓம், தெரியும்."

"நல்ல கெட்டிக்காரியாம்."

"ஓம் ஓம். பயறு எவ்வளவு வேணும்?"

இப்படி எத்தனை பேரிடம் பயறைப் பற்றிக் கேட்டிருப்பேன்!

பொறாமை என்றால் பெரிய பெரிய விசயங்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல. அவளுடைய நீல நிறப் பயிற்சி உடுப்பின் கையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் இருந்தன. அந்தக் கோடுகளின்மேல் எனக்குப் பொறாமை. கடை வாசலில் அவளைக் கண்டு ஒரு கறுப்பினச் சிறுமி "கோச்!" என்று கத்திக்கொண்டு தெருவைக் கடந்து ஓடிவந்தாள். அந்தக் கத்தலின்மேல் பொறாமை. அவள் மெத்ரோப் படிகளில் இரண்டிரண்டாக ஏறிப்போவாள். அரிசி மூட்டை பிடித்துப் பிடித்து நாரியும் முதுகும் நொந்துபோன எனக்கு அந்தக் கால்களின்மேலும் பொறாமை.

இதற்கிடையில் என் மகள் நெடுத்துவிட்டாள். அவளும் கொலேஜுக்குப் போகிற வயதுக்கு வந்திருந்தாள். வேறு கொலேஜ். ஆனால் வட்டாரக் கழகத்தில் எந்தப் பிள்ளையும் சேரலாம். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து பையை எறிந்துவிட்டு, "அம்மா, நான் அந்த அன்ரியின்ரை பாஸ்கெத்துக்குப் போகப்போறன்," என்றாள்.

"எந்த அன்ரி?"

"உங்களுக்குத் தெரியும்தானே. இண்டைக்கு றோட்டிலை கண்டவா. நீ நல்ல உயரம், வா எண்டு சொன்னவா."

"விளையாட்டு வேணுமெண்டால் நான் பழக்குவன்," என்றேன்.

"எங்கை?" என்று கேட்டாள் மகள்.

அவள் குதர்க்கமாகக் கேட்கவில்லை. எங்கே என்றுதான் கேட்டாள். இரண்டு அறை வீடு. கீழே சதுக்கத்தில் புறாக்களும் போத்தலும் கையுமாக இருக்கிற குடிகாரர்களும். அவள் தகப்பனிடம் போய்ச் சம்மதம் வாங்கினாள். அடுத்த புதனே போனாள்.

முதல் சில கிழமைகள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. மகள் வீட்டுக்கு வந்து பேசுகிற பேச்சில் அன்ரி என்ற சொல் மெல்ல மெல்லக் குறைந்தது. கோச் என்றாள். கோச் காலையில் பாண் சாப்பிடவேண்டாம், வாழைப்பழம் சாப்பிடு என்று சொன்னவா. கோச் சொன்னவா என்ரை கை நல்ல நீளமாம். அந்தக் கை என்னுடைய கை. என் தகப்பனாரிடமிருந்து எனக்கு வந்து, என்னிடமிருந்து அவளுக்குப் போனது. அதை ஒருத்தி புதிதாகக் கண்டுபிடித்தவள் மாதிரிச் சொல்கிறாளே!

பிறகு ஒரு புதன்கிழமை கடை முதலாளியிடம் கேட்டுக்கொண்டு போனேன். ரயில் பாதைகளுக்கு அருகில் இருந்த கட்டடம் அது. உள்ளே போகாமல் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மகள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாள், திரும்பினாள், குனிந்து ஒருத்தியைத் தாண்டினாள். அவளுடைய உடம்பு அப்படி வளையும் என்று எனக்குத் தெரியாது. ஓரத்தில் விசிலோடு அவள் நின்றாள். கத்தவில்லை. நான் என்றால் கத்தியிருப்பேன். ஒரு பிள்ளை பிழை விட்டதும் அருகில் போய், தோளில் கை வைத்தாள். ஏதோ சொல்வது போலிருந்தது. பிள்ளை தலையை ஆட்டிவிட்டு ஓடியது. என்ன சொல்லியிருப்பாள்? அந்த ஒரு வசனத்தைத் தெரிந்துகொள்ள நான் என்னவும் கொடுத்திருப்பேன்.

அவள் என்னைக் கண்டுவிட்டாள். கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"ஏன் வெளியிலை நிக்கிறீர்? உள்ளுக்கு வாரும். நான் எத்தினை நாளா யோசிக்கிறன், உம்மட்டைக் கேக்க. சின்னப் பிள்ளையளுக்கு ஓராள் வேணும். நீர் வாருமன். உம்மைப்போல ஆர் இருக்கினம்?"

"எனக்குக் கடை இருக்கு," என்றேன்.

"புதனிலை மட்டும்தானே."

"புதனிலைதான் மரக்கறி வாறது."

மரக்கறி வியாழனில் வருகிறது என்பது அவளுக்கும் தெரியும். கடைக்கு வருகிறவள்தானே. என் கையில் மெல்லத் தட்டிவிட்டு உள்ளே போனாள். அவளுக்குக் கீழே நின்று சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பொறுக்கிக் கொடுக்கவா நான் பாரிஸுக்கு வந்தேன் என்று வழியெல்லாம் எனக்குள் பேசிக்கொண்டு நடந்தேன்.

அந்தப் பருவத்தின் கடைசிப் பகுதியில் அவளுடைய அணி வட்டாரப் போட்டியின் அரையிறுதிக்கு வந்தது. மகளும் அணியில் இருந்தாள். ஆட்டத்துக்கு முதல் நாள் மகளின் கோச் கடைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. அகதிக் கார்ட் விசயமாக பிரெஃபெக்தூர் அலுவலகத்தில் அவளுக்கு நாளைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதை விட்டால் இனி எப்போது கிடைக்கும் என்று தெரியாது.

"தலைவரும் வருவார். ஆனால் அவருக்கு விளையாட்டு விளங்காது. நீர் போய் நில்லும். இதை உம்மட்டை மட்டும்தான் கேப்பன்."

அந்த நிமிடம் எனக்குள் வந்தது இரக்கம் அல்ல. சந்தோசம். நல்ல, கொழுத்த சந்தோசம். "ஓம், நான் பாக்கிறன்," என்றேன்.

மறுநாள் சேலை கட்டவில்லை. நீளக் காற்சட்டையும் கணவருடைய கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு, தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். ஓரத்து வாங்கில் உட்காராமல் எழுந்தே நின்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பரவாயில்லை என்று நினைத்தேன்.

இடைவேளையில் எங்கள் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் எனக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. எதிரணியின் உயரமான பிள்ளை வலப்பக்கம் மட்டுமே திரும்பினாள். விளையாட்டு மாறினாலும் மனிதக் கால்கள் மாறாது அல்லவா. பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து மகளை மொழிபெயர்க்கச் சொன்னேன். தமிழில் மூச்சுவிடாமல் பேசினேன். அவளை எப்படி மறிப்பது, யார் எங்கே நிற்பது, பயப்படக்கூடாது, மானம் போகக்கூடாது, எல்லாம் சொன்னேன். ஊரில் அப்படிப் பேசித்தான் எத்தனையோ ஆட்டங்களைத் திருப்பியிருக்கிறேன்.

மகள் நாலைந்து சொற்களில் முடித்துவிட்டாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கத்திவிட்டு ஓடினார்கள்.

கடையில் நின்று நின்று எனக்கும் கொஞ்சம் பிரெஞ்சு வந்திருந்தது. மகள் சொன்னது எனக்கு விளங்கியது. "கோச் போன கிழமை காட்டினதைச் செய்யுங்கோ" என்றுதான் சொன்னாள்.

இரண்டாவது பாதியில் அவர்கள் எதிரணியைப் பிய்த்து எடுத்தார்கள். அந்த உயரமான பிள்ளையை இரண்டு பேர் மறித்தார்கள், அதுவும் வலப்பக்கமாகவே. அது நான் சொன்னதா, அவள் போன கிழமை காட்டியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மகளிடம் கேட்டால் அவளுக்கு நினைவில்லை என்கிறாள். கடைசியில் என் மகள் ஒரு பந்தைப் போட்டாள். பலகையில் பட்டு, வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தது. நான் துள்ளினேன். உண்மையிலேயே துள்ளினேன்.

பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து கத்தினார்கள். அங்கே இல்லாதவளுடைய பெயரைச் சொல்லித்தான் கத்தினார்கள். தலைவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, ஒவ்வொரு சொல்லாக, எனக்கு விளங்கும்படி சொன்னார்: "பாருங்கள் மதாம், அவர் இல்லாதபோதும் அவருடைய வேலை தெரிகிறது."

"வி, முசியே," என்று தலையாட்டினேன்.

அவள் அப்போதுதான் ஓடி வந்தாள். மெத்ரோவிலிருந்து ஓடியே வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. பிள்ளைகள் அவள்மேல் விழுந்தார்கள். என் மகளும் விழுந்தாள். எல்லாரையும் விலக்கிக்கொண்டு அவள் என்னிடம் வந்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள்.

"நீர்தான் வெல்ல வைச்சனீர்!" என்றாள். கண் கலங்கியிருந்தது. பொய்யாகச் சொல்லவில்லை. அவளுக்குப் பொய் வராது. எனக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

பிள்ளைகள் உடுப்பு மாற்றப் போனார்கள். நாங்கள் இருவரும் வாங்கில் உட்கார்ந்தோம். எனக்கு ஏதாவது ஒன்று சொல்லவேண்டும்போல் இருந்தது. அவளுடைய முகத்தில் ஒரு கீறலாவது விழவேண்டும்.

"ஊரிலை கடைசியா உம்மடை அணியோடை நாங்கள் விளையாடின மச் ஞாபகமிருக்கோ?" என்று கேட்டேன். "நீங்கள் ஒரு பந்துகூடப் போடேல்லை. ஒண்டுகூட. உம்மடை சென்ரர் அழுதவள்."

அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். நல்லாக யோசித்தாள்.

"உங்களோடையோ? எனக்கு ஞாபகம் வரேல்லையப்பா," என்றாள். "மழை வந்த மச் ஒண்டு ஞாபகமிருக்கு. எல்லாரும் வழுக்கி விழுந்து எழும்பினது. அதோ?"

"இல்லை, அது வேறை," என்றேன்.

நான் அந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு காலமும் இருந்தேன். அரிசி மூட்டை இழுக்கும்போது, மெத்ரோவில் யாராவது முகம் சுளிக்கும்போது, அந்த ஆட்டத்தை எடுத்துப் பார்ப்பேன். அவளிடமிருந்து நான் பறித்த வெற்றி என்று நினைத்திருந்தேன். அவளிடம் அப்படி ஒன்று காணாமற்போகவே இல்லை.

இறுதிப் போட்டியில் அவர்கள் தோற்றார்கள். அதன் பிறகும் அவளுடைய பாதை மேலேதான் போனது. சான்றிதழ் கிடைத்தது. கழகத்தின் வளர்ந்த பெண்களின் அணியையும் அவளிடம் கொடுத்தார்கள். இரண்டு பருவம் கழித்து, தெற்கே ஒரு நகரத்தில் பல்கலைக்கழக மாணவிகளின் அணிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தலைவர் எங்கோ கேள்விப்பட்டு, அவளை அனுப்பினார். எடுத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் அந்தச் செய்தி ஒரு கலியாணச் செய்தி மாதிரிப் பரவியது. கடை முதலாளி அவளுக்கு ஒரு சேலை கொடுக்கச் சொன்னார். நான்தான் தெரிந்தெடுத்தேன். மஞ்சள் நிறம் அவளுக்குப் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். ஒரு மஞ்சள் சேலையைத் தொட்டேன், தூக்கினேன், பிறகு வைத்துவிட்டு நல்ல மயில்கழுத்து நிறத்தில் ஒன்று எடுத்தேன். விளையாட்டில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை. சேலையில் மட்டும் ஏன்?

அவள் போன அன்று கார் து லியோன் ரயில் நிலையத்தில் என் மகள் அழுதாள். நான் போகிறவளின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயில் ஏறும்போது அவள் என்னிடம், "சின்னப் பிள்ளையளை விட்டிட்டுப் போறதுதான் கவலையாக் கிடக்கு," என்றாள்.

அடுத்த கிழமை தலைவர் கடைக்கே வந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் ஆள் தேவை. அவள் என்னைத்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இந்த முறை மரக்கறியைப் பற்றி நான் பேசவில்லை. ஆசையால் ஒத்துக்கொண்டேன் என்று சொன்னால் பொய். வேறு யாரோ ஒருத்தி வந்து அந்த இடத்தில் நிற்க, அவளையும் இப்படி வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதுதான் உண்மை.

ஆனால் எனக்குப் பந்து தட்ட வராது. அதை மகளிடம்தான் படித்தேன். ஞாயிறு காலைகளில் சதுக்கத்தில், புறாக்களை விரட்டிவிட்டு, தாயும் மகளும் ஒரு பந்துடன். "அம்மா, பந்தைப் பாக்காதையுங்கோ, என்னைப் பாருங்கோ," என்று அவள் பிரெஞ்சும் தமிழும் கலந்து கத்துவாள். பந்தைப் பிடித்ததும் என் கால்கள் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். அவ்வளவு நன்றாக அவற்றை நானே பழக்கி வைத்திருந்தேன். மெத்ரோவுக்குப் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். கணவர் யன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "சேலை தடக்கி விழப்போறீர்," என்பார்.

புதன்கிழமைகளில் சின்னப் பிள்ளைகள் என்னை மதாம் என்று கூப்பிட்டார்கள். கோச் என்று சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களில் கெட்டித்தனமான ஒருத்தி, மாலியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, நான் கத்தினால் காதைப் பொத்திக்கொள்வாள். ஒருநாள் அவள் பந்தைத் தவறவிட்டுவிட்டு நின்றபோது, அருகில் போய்த் தோளில் கையை வைத்தேன். வைத்துவிட்டேன், என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமல் சும்மா நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் தலையை ஆட்டிவிட்டு ஓடினாள். ஒருவேளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளும் அன்று ஒன்றுமே சொல்லாமல்தான் நின்றிருப்பாளோ என்று எனக்குத் தோன்றியது. அப்படியென்றால் நான் இவ்வளவு காலம் எதன்மேல் பொறாமைப்பட்டேன்?

அதற்காகப் பொறாமை போய்விடவில்லை. மாரிகாலம் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் தெற்கிலிருந்து அவள் தொலைபேசி எடுத்தாள். அங்கே வெயில் நல்லாக இருக்கிறதாம், சோற்றுக்கு நல்ல அரிசி கிடைப்பதில்லையாம். பிறகு சொன்னாள்.

"முதல் மச் தோத்துப்போனமப்பா. மோசமாத் தோத்துப்போனம். பெரிய பிள்ளையள், நான் சொல்லுறதை ஒருத்தியும் கேக்கினமில்லை."

"அப்பிடியே," என்றேன். குரலைக் கவனமாக வைத்துக்கொண்டேன். "முதல் மச்தானே. போகப் போகச் சரிவரும். அவையளுக்கும் உம்மைப் பழகவேணுமெல்லே."

"ஓம் என்ன. உம்மோடை கதைச்சால்தான் எனக்கு மனம் ஆறுது," என்றாள்.

நான் சொன்னது எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். அவை சரியென்றும் நம்பினேன். அரிசி அனுப்புவதாகவும் சொன்னேன், அடுத்த கிழமையே அனுப்பினேன். ஆனால் தொலைபேசியை வைத்துவிட்டு வந்து குசினியில் நின்றபோது எனக்கு நல்ல பசி எடுத்தது. சோற்றை அள்ளிப் போட்டு, மீன்குழம்பை விட்டு, நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். மகள் ஏன் அம்மா சிரிக்கிறீங்கள் என்று கேட்டாள். குழம்பு நல்லா வந்திருக்கு என்றேன்.